கந்தகம் எரியும்போது கணக்கு மாறும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பெட்ரோலில் கந்தகத்தைக் குறைப்பது பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி வந்து, கந்தகத்தின் உச்ச அளவு 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆனது வரை எல்லாம் சரி. ஆனால் கந்தகச் சேர்மங்களின் எரிவெப்பத்தை வழக்கமான பாம் கலோரிமீட்டரிலேயே (ஆக்சிஜன் அடைத்த 'பாம்' என்ற கெட்டியான கலத்துக்குள் பொருளை எரித்து வெப்பத்தை அளக்கும் கருவி) அளந்துவிடலாம் என்று போகிறபோக்கில் எழுதியிருந்ததை என்னால் விட முடியவில்லை.

ஹைட்ரோகார்பனை எரித்தால் கார்பன் டைஆக்சைடும் தண்ணீரும், அதோடு முடிந்தது. தயோஃபீன் என்ற கந்தகச் சேர்மத்தை எரித்தால் கந்தகத்தில் கொஞ்சம் சல்ஃபர் டைஆக்சைடாக நின்றுவிடும், மீதி கந்தக அமிலமாகும், அந்த அமிலமும் சுவரில் ஒட்டிய துளியில் ஒரு செறிவு, அடியில் தேங்கியதில் வேறு செறிவு. இந்த அமிலம் தண்ணீரில் சேரும்போது பீக்கர் எப்படிச் சுடும் என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கே தெரியும். அந்தச் சூடும் சேர்ந்துதானே தெர்மாமீட்டரில் ஏறுகிறது, அதில் எவ்வளவைக் கழிப்பது?

இதற்கு வழி கண்டவர்கள் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் சுன்னரும், 1950களில் அமெரிக்காவின் பார்ட்லஸ்வில் ஆய்வுக்கூடத்தாரும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் வைத்து, எரிந்து முடிந்ததும் பாமையே சுழலவிட்டார்கள். தண்ணீர் சுவரைக் கழுவி அமிலம் முழுக்க ஒரே செறிவுக்கு வந்துவிடும். இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: ஆக்சிஜன் அடைக்கும்போது உள்ளிருக்கும் காற்றை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள், அதிலுள்ள நைட்ரஜனிலிருந்து வரும் ஆக்சைடுகள் வினையூக்கியாகி சல்ஃபர் டைஆக்சைடு முழுவதையும் அமிலமாக்கிவிடும். தயோஃபீனிலிருந்து கந்தகத்தைப் பிரிக்க ஹைட்ரஜனை எந்த வெப்பநிலையில் செலுத்தலாம் என்ற கணக்கு இப்படி வந்த எண்களில்தான் தொடங்குகிறது.

சர்ஃபாக்டன்ட் (சோப்பு போல நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்) பற்றிய பெட்டிச் செய்தியிலும் இதே அவசரம். அதன் மூலக்கூறுகள் நீரில் கொத்தாகத் திரண்டு மைசெல் உண்டாகும் செறிவு 8 மில்லிமோலார் என்று மட்டும் இருந்தது. அது சோடியம் லாரில் சல்ஃபேட்டுக்கு, 25 டிகிரியில், சுத்தமான நீரில். நான் வேலை பார்த்த கல்லூரியில் மாணவிகள் இந்தக் கரைசலைத் தயாரிக்கும்போது ஃபிளாஸ்க்கின் கழுத்தில் நுரை ஏறி அளவுக் கோடே தெரியாது, அது அடங்கும்வரை காத்திருக்கச் சொல்வேன். அப்புறம் பாட்டிலில் லாரில் ஆல்கஹால் கொஞ்சம் கலந்திருந்தாலும் போதும், செறிவுக்கு எதிரே வரைந்த பரப்பு இழுவிசை வரைபடக் கோடு அந்த 8-க்குப் பக்கத்தில் பள்ளமாக இறங்கி மறுபடி ஏறும். அதைப் பார்த்துத்தான் பொருள் சுத்தமில்லை என்று சொல்வோம்.

தொடரின் அடுத்த பகுதியில் அளந்தவர்களுக்கு இரண்டு பத்தியாவது ஒதுக்குங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் வெப்பநிலையையும் போடுங்கள்.

- ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை, காரைக்குடி