அப்பாவுக்கு, கம்பெனி மாறியது பற்றி

சிங்கப்பூர்
8.3.2026, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? போன வாரம் போனில், "நாலு வருஷம் சோறு போட்ட கம்பெனியை விட்டுட்டியாமே" என்று கேட்டீர்கள். லாரியில் ஆட்கள் இருந்ததால் எதுவும் பேச முடியவில்லை. இன்று லீவு. டார்மிட்டரி கட்டிலில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

2022 பிப்ரவரியில் எலக்ட்ரிக்கல் திறன் டெஸ்ட்டில் பாஸாகி வந்தபோது நாள் சம்பளம் 20 வெள்ளி, அதாவது 20 சிங்கப்பூர் டாலர். ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் தலைக்கு மேல் இருந்தது, அதனால் எதையும் கேட்கவில்லை. 2024-ல் வேலை பெர்மிட்டைப் புதுப்பித்தபோது ஒரு வெள்ளி ஏற்றினார்கள். கடன் அதற்குள் அடைந்துவிட்டது. அப்போதே வேறு இடம் பார்த்திருக்கலாம். நீங்களும் மில்லில் 22 வருஷம் ஒரே முதலாளியிடம் இருந்தவர்தானே, அதுதான் முறை என்று நானும் இருந்துவிட்டேன். அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

நாள் சம்பளம் என்பது அந்த நாளோடு முடிகிற கணக்கு இல்லை அப்பா. 26 நாளுக்கு 546 வெள்ளி பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். ஓ.டி.யையும், அதாவது கூடுதல் நேர வேலைக்கான கூலியையும், அந்த பேசிக்கை வைத்துத்தான் போடுகிறார்கள். பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி என்று வகுத்தால் ஒரு மணிக்கூலி வரும். அதில் ஒன்றரை மடங்கு ஓ.டி. எனக்கு மணிக்கு 4 வெள்ளி 30 காசு வந்தது. மாதத்துக்கு 72 மணிதான் ஓ.டி. உச்சவரம்பு. அத்தனையும் செய்து, கண் எரிய வந்து படுத்தாலும் 856 வெள்ளியைத் தாண்டாது. எவ்வளவு உழைத்தாலும் பேசிக் சின்னதாக இருந்தால் எல்லாமே சின்னதுதான்.

என்னை வேலைக்கு வைத்திருப்பதற்காகக் கம்பெனி அரசாங்கத்துக்குத் தனியாக லெவி என்று ஒரு வரி கட்டுகிறது. 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத்தில் சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் 900 வெள்ளி, உயர் திறன் என்று பதிவானவருக்கு 500. அதாவது என் பேசிக்கைவிட என் பேரில் கட்டிய லெவி அதிகம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஃபோர்மேன், அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பாக்ஸின் டிராயிங் படிக்கக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். 11 வருஷமாக அதே கம்பெனியில் இருக்கிறார். "நாலு வருஷம் முடிஞ்சு, கையில ரெண்டு டெஸ்ட் இருந்தா உயர் திறனுக்குப் போகலாம். என்னை மாதிரி உட்கார்ந்துடாதே" என்றார். அதைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படித்து, பிளம்பிங் டெஸ்ட்டிலும் பாஸானேன்.

யாரையும் ஏமாற்றி ஓடி வரவில்லை அப்பா. பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போதிலிருந்து 21 நாள் இருக்கும் வரைக்குமான இடைவெளியில், பழைய கம்பெனியின் சம்மதம் இல்லாமலே புதுக் கம்பெனி விண்ணப்பிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஜனவரியில் முதலில் பழைய மேனேஜரிடம்தான் போய்ச் சம்பளம் ஏற்றிக் கேட்டேன். நாளுக்கு இன்னும் ஒரு வெள்ளி என்றார். அதற்குப் பிறகுதான் வெளியே பேசினேன்.

புதிய இடத்தில் பேசிக் 1,000. ஓ.டி. மணிக்கு 7 வெள்ளி 87 காசு. 40 மணி செய்தாலே 1,315 வருகிறது. லெவி குறையும்படி உயர் திறனுக்கும் விண்ணப்பிக்கிறார்கள், அது வந்ததும் சம்பளத்தை மறுபடி பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவசரப்பட்டு மாறிக் கெட்டவர்களும் உண்டு. என் அறைக்காரன் இரண்டு வெள்ளி கூட என்றதும் போனான். அங்கே ஓ.டி. இல்லை, சாப்பாட்டுக்கும் பிடித்தம். வேலைக்கு அரசாங்கம் முதலில் தரும் ஒப்புதலான ஐ.பி.ஏ. கடிதம் தமிழிலும் வரும். பேசிக், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் அதிலேயே இருக்கும். அவன் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். நான் மூன்று தடவை படித்தேன்.

தம்பி டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்கிறானாமே. வேண்டாம் அப்பா. டிப்ளமோ இருந்தால், என் பெர்மிட்டுக்கு மேல்படியான எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதிக்குப் பேசிப் பார்க்க வழி உண்டு. அதற்குக் குறைந்தபட்சச் சம்பளமே இப்போது 3,300 வெள்ளி. நான் நாலு வருஷம் ஏறிய படி அவனுக்கு முதல் படியாக அமையலாம். பரீட்சைக் கட்டணத்தை நான் அனுப்புகிறேன்.

கடைசி நாள் ஃபோர்மேன் தன் பழைய கட்டிங் பிளேயரை என் பையில் போட்டார். கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியது. புது சைட்டில் அதைத்தான் வைத்திருக்கிறேன். இந்த மாதத்திலிருந்து 700 வெள்ளி அனுப்புகிறேன். அம்மாவைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் முழங்காலைக் காட்டுங்கள்.

உங்கள் அன்பு மகன்