கேசட்டுகளுக்குப் பெயர் சொன்ன ஆச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

வெள்ளத்தைப் பற்றி எழுதப்போவதில்லை, நம்ம ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்பா இலங்கை வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த கேசட்டுகள் பெரும்பாலும் பிழைத்துவிட்டன. நேற்று ராத்திரி கடைசிக் கேசட்டும் பாடிவிட்டது.

சேறும் தண்ணீருமாக இருந்த பெட்டிகளை மாடிக்குத் தூக்கிய தெருப் பையன்கள், ஒவ்வொன்றாகத் திருகாணி கழற்றி, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் நாடாவை அலசி, வெயில் காட்டாமல் உலர்த்திக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்று சண்டை போட்ட டேப்ரிக்கார்டர் அண்ணாச்சி, மதுரையிலிருந்து காலிக் கேசட்டுகள் அனுப்பிய நண்பர், எங்களுக்குச் சோறு போட்டவர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஆனால் அட்டைகளில் அப்பா மைப்பேனாவால் எழுதியிருந்தது முழுக்கக் கரைந்துபோயிருந்தது. அப்பாவும் இல்லை, யாரிடம் கேட்பது? ஒருநாள் மத்தியானம் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஆச்சி வாசலில் நின்று, "கே.எஸ்.ராஜா குரல்லா அது? திரைவிருந்து" என்று இலங்கை வானொலி அறிவிப்பாளர் பெயரையும் அவர் நடத்திய சினிமா நிகழ்ச்சியையும் சொன்னார்கள். அதுவரை அவர்களிடம் நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அப்புறம் தினமும் மத்தியானம் வந்து உட்கார்ந்தார்கள்.

ஆச்சி சின்ன வயதிலிருந்து பீடி சுற்றியவர்கள். போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்டி ரேடியோ வைத்திருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் பெண்கள் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்து கேட்பார்களாம். காலைப் பாட்டு நிகழ்ச்சியான பொங்கும் பூம்புனல் முடிவதற்குள் இத்தனை கட்டு பீடி என்று கணக்கு. பாட்டுப் போட்டியான பாட்டுக்குப் பாட்டு வந்தால், அதை நடத்தும் அப்துல் ஹமீது பாட்டு தொடங்க வேண்டிய எழுத்தைச் சொன்னதும் இவர்களும் பாடிப் பார்ப்பார்கள். அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகம் குரல் வந்த கேசட்டுக்கு மட்டும் பெயரைச் சொல்லிவிட்டு, முடிகிறவரை வேறு எதுவும் பேசவில்லை. வருஷம் கேட்டால், விளம்பரத்தில் வரும் படத்தைக் கவனித்து, "இது ஓடும்போது மூத்தவ வயித்துல இருந்தா" என்பார்கள். பேத்தி கைபேசியில் தேடிப் பார்ப்பாள், சரியாகவே இருக்கும்.

கொழும்பில் இலங்கை வானொலி 1950-இல் வர்த்தக சேவை தொடங்கியது, 1952-இல் இந்தியாவில் ஒலிபரப்புத் துறை மந்திரியான கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டியது, அதனால் இங்கே எல்லோரும் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பியது, 1957-இல் ஆல் இந்தியா ரேடியோவே சினிமாப் பாட்டுக்கு விவித் பாரதி கொண்டுவந்தும் நம்ம பக்கத்தில் கொழும்பை விடாதது, இதெல்லாம் எனக்கும் படித்துத் தெரியும். பீடித் தட்டோடு கேட்டவர்களை மட்டும் நான் படித்த எதிலும் பார்த்ததில்லை, எனக்கு அது கொஞ்சம் கோபம்கூட.

அதனால் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றப்போகிறேன், ஆச்சி சொன்னதை அவர்கள் சொன்னபடியே ஒவ்வொன்றோடும் எழுதி வைப்பேன், கேட்பவர்களுக்குக் காசில்லாமல் பிரதி தருவேன். ஒரு கேசட்டில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கும் பெண் குரல் மட்டும் ஆச்சிக்கும் பிடிபடவில்லை. யாழ்ப்பாணம், கொழும்புப் பக்கத்துப் பழைய நேயர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், அந்தத் துண்டை அனுப்புகிறேன்.