ஆண்டறிக்கை: பழைய சென்னையின் தர்ம நிலையங்களைப் படித்த ஆண்டு

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மழை கொட்டிய மாதம் நீங்கலாக மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நூலக அலமாரிகளுக்குக் கரையான் மருந்து அடித்தாயிற்று. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. அதைப் பொருளாளர் பார்த்துக்கொள்வார். தணிக்கை முடிந்த கணக்கை அறிக்கையோடு இணைத்திருக்கிறோம்.

சென்ற பொதுக்குழுவில், 19ஆம் நூற்றாண்டுச் சென்னையின் அநாதை இல்லங்கள், சத்திரங்கள், உதவிச் சங்கங்கள் பற்றிப் படிப்பது என்று முடிவு செய்தோம். வட சென்னைக்காரர்களாகிய நாம் தொடங்க வேண்டிய இடம் மணியக்காரர் சத்திரம்தான். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

1780இல் ஹைதர் அலியின் படை, அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆர்க்காட்டுப் பகுதிக்குள் இறங்கியது. சுற்றுவட்டாரம் பாழாகி, பிழைக்க வழியில்லாத கூட்டம் கோட்டையை நோக்கி வந்தது. 1782 பஞ்சத்தில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடமே பின்னாளில் மணியக்காரர் சத்திரமாக நிலைத்தது. கஞ்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகளாக இருந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற உதவி மருத்துவர் அங்கேயே இந்தியர்களுக்கு மருத்துவம் பார்க்க ஒரு விடுதியைத் தொடங்கினார். அதன் வழிவந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. நம் வீட்டுப் பெரியவர்கள் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்லி வந்தார்கள். சத்திரம் இன்றும் முதியோர் இல்லமாக இயங்குகிறது. நாம் போனபோது தூங்குபவர்களை எழுப்பாமல், படம் எடுக்காமல் திரும்பிய உறுப்பினர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. பழைய இடத்தைப் பார்க்கப் போகிற ஆர்வத்தில் அங்கே குடியிருப்பவர்களைக் காட்சிப்பொருளாக ஆக்கிவிடக் கூடாது.

அடுத்து எழும்பூர். கும்பினிப் படையின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின், ஐரோப்பியச் சிப்பாய்களுடைய பிள்ளைகளுக்காக 1787இல் பெண்கள் இல்லமும் 1789இல் ஆண்கள் இல்லமும் தொடங்கின. பிள்ளைகளில் பலருக்குத் தாய் இந்தியப் பெண். ஆண்கள் இல்லத்தை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். இங்கிலாந்து திரும்பி 1797இல் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அங்கே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது பரவியது. பெல் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருட்டு என்று ஓர் உறுப்பினரும் மரியாதை என்று இன்னொருவரும் வாதாடினார்கள். பெல்லுக்குப் புகழ் வந்தது, திண்ணை வாத்தியாரின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை என்பது மட்டும் தெளிவு. ஆண்கள் இல்லம் 1870களில் ஊட்டிக்குப் போய், லாரன்ஸ் பெயரில் அங்கிருந்த இல்லத்தோடு இணைந்துவிட்டது.

ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய ஏழைகளுக்காக 1812இல் இங்கே ஏற்பட்டது ஃப்ரெண்ட்-இன்-நீட் சொசைட்டி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அதன் இல்லம் உண்டு. அதே பெயரில் 1831இல் கொழும்பிலும் 1841இல் யாழ்ப்பாணத்திலும் சங்கங்கள் தோன்றின. யாழ்ப்பாணச் சங்கம் நடத்திய ஆஸ்பத்திரிதான் பின்னர் அரசின் கைக்குப் போய் இன்றைய போதனா மருத்துவமனை ஆயிற்று. இதைச் சொன்னதும் நம் ஈழத்து உறுப்பினர் ஐயா எழுந்து ஒரு மணி நேரம் பேசினார். அன்றைய நிகழ்ச்சி நிரல் அத்தோடு முடிந்தது, யாருக்கும் வருத்தமில்லை.

படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. அந்தக் காலத்து உதவி எல்லாமே ‘நம்மவர்’ யார் என்று தீர்மானித்த பிறகு கொடுத்த உதவி. சிப்பாயின் பிள்ளைக்கு ஒரு வாசல், ஆங்கிலோ இந்திய விதவைக்கு ஒரு வாசல், குறிப்பிட்ட சாதிக்கு ஒரு சத்திரம். பச்சையப்பன் கல்வி நிலையங்களில்கூட 1947 வரை இந்துக்களுக்கு மட்டுமே இடம். இன்றைய கண்ணால் பார்த்துத் திட்டுவது சுலபம். ஆனால் அந்த வாசல்களையும் யாரோ ஒருவர் கணக்கு எழுதித்தான் திறந்து வைத்திருந்தார். கொடுத்த வள்ளலுக்குச் சிலை இருக்கிறது. கணக்கு எழுதியவருக்கு ஒன்றும் இல்லை. செயலாளர் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, சரி. ஆனாலும் இதற்குச் சாட்சி பச்சையப்ப முதலியாரின் வரலாறே.

1754இல் தகப்பன் முகம் பார்க்காமல் பிறந்த பிள்ளை அவர். வெள்ளையருக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமான துபாஷியாக உயர்ந்து பெரும் பொருள் சேர்த்தார். 1794இல், நாற்பது வயதில், திருவையாற்றில் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. இறப்பதற்குச் சில நாள் முன்பு எழுதிய உயிலில் கோயில் பூசை, விழா போன்ற கட்டளைகளுக்கும் அன்னதானத்துக்கும் சொத்தை ஒதுக்கியிருந்தார். உயில் எழுதியாயிற்று, அப்புறம்? பொறுப்பேற்றவர்கள் அதை நிறைவேற்றவில்லை. வழக்கு வந்தது, ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டுத் திட்டம் வகுத்தது. அதில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனின் பங்கு பெரியது. கட்டளைகளுக்கு வேண்டியது போக வட்டி சேர்ந்து சில லட்சம் ரூபாய் உபரியாக நின்றது. அந்த உபரியில்தான் 1842 ஜனவரி 1ஆம் தேதி பிராட்வேயில் பள்ளி தொடங்கியது. ஏதென்ஸ் நகரத்துக் கோயிலின் சாயலில் தூண்கள் நிற்கும் பச்சையப்பன் மண்டபம் 1850இல் திறக்கப்பட்டது, 1889இல் கல்லூரி. அந்தப் பக்கம் பூ வாங்கப் போகும்போது ஒரு தடவை தலை நிமிர்ந்து பாருங்கள். பள்ளிக்கூடத்தை முதலியார் கேட்கவில்லை. தர்மப் பணம் சூறைபோய், மீட்கப்பட்டு, வட்டியோடு பெருகியதால் பிறந்தது அது. தணிக்கையாளர் என்ற மனிதர் எதற்கு என்று கேட்கும் உறுப்பினர்களுக்கு இதுவே என் பதில்.

இந்த ஆண்டின் கனமான கூட்டங்கள் 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றியவை. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட பஞ்சம். 1877 தொடக்கத்தில், இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்ச நிவாரண வேலைக்கு விதித்த கூலி, நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. இதில் உழைக்கும் உடம்பு நிற்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அதற்குள் போன உயிர் போனதுதான். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பக்கிங்காம் கால்வாய்த் துண்டும் அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதே. அந்தக் கால்வாயை இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம்.

1877 ஆகஸ்ட் 4ஆம் தேதி சென்னையில் பொதுக்கூட்டம் கூடி, உதவி கேட்டு இங்கிலாந்துக்குத் தந்தி கொடுத்தது. இந்திய அரசுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் லண்டன் மேயரின் நிதிக்கு ஏறத்தாழ ஏழு லட்சம் பவுண்டு சேர்ந்தது. இங்கே அதைப் பகிர்ந்தளித்த நிவாரணக் குழுவின் செயலாளராக இருந்தவர் வில்லியம் டிக்பி, ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர். நிவாரண முகாமுக்கு வந்து கையேந்த முடியாத குடும்பங்கள், திரைக்குள் வாழ்ந்த கோஷாப் பெண்கள், அநாதைப் பிள்ளைகள் ஆகியோரைத் தேடிப் பணம் போனது. மழை வந்த பிறகு விதை நெல்லுக்கும் மாட்டுக்கும் கூரைக்கும் கொடுத்தார்கள். விவசாயி மறுபடி எழுந்து நிற்க வேண்டுமே என்று யோசித்தது, என் பார்வையில், அந்தக் குழுவின் நல்ல காரியம். டிக்பி பத்திரிகைக்காரர், சண்டைக்காரரும்கூட. அதனால் அவர் 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதியதை அப்படியே நம்ப வேண்டாம் என்று தலைவர் எச்சரித்தார், நியாயம்தான். ஆனால் அந்தப் பஞ்சத்தை அறிய இன்றும் அவருடைய ஏட்டைத்தான் புரட்டுகிறோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே பார்த்தோம். டாக்டர் மேரி ஷார்லீப் முயற்சியால் 1885இல் தொடங்கிய கோஷா ஆஸ்பத்திரிக்கு வெங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். 1890இல் அது சேப்பாக்கத்துக்கு வந்தது. நம்மில் பலர் பிறந்த ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையின் பெயரில் இருப்பவர் சவலை ராமசாமி முதலியார். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள சத்திரமும் அவர் கட்டியதே. இவரைப் பற்றித் தனிக் கூட்டம் போட வேண்டும் என்று மகளிர் பிரிவு கேட்டிருக்கிறது. வரும் ஆண்டில் அதைச் செய்யலாம்.

இரண்டு தீர்மானங்கள் உங்கள் முன் உள்ளன. ஒன்று, ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் உள்ள பழைய சத்திரக் கல்வெட்டுகளைச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் மூடுவதற்குள் படம் எடுத்துப் பதிவு செய்வது. இதற்கு இளைய உறுப்பினர்கள் முன்வர வேண்டும். மற்றொன்று, மணியக்காரர் சத்திரத்து முதியோருக்கு நம் ஆண்டு விழாச் சாப்பாட்டுச் செலவில் ஒரு பகுதியைக் கொடுப்பது. அங்கே என்ன தேவை என்று நிர்வாகத்தைக் கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும் என்பது செயற்குழுவின் நிபந்தனை. ஆளுக்கொரு போர்வை என்று நாமே முடிவு செய்துகொண்டு போக வேண்டாம்.

அறிக்கையையும் கணக்கையும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் இப்போது வரவு செலவை வாசிப்பார்.

செயலாளர்