சமையலறை ஜன்னல் பற்றி அம்மா எழுதும் பதில்

கண்ணம்மா,

புது வீட்டு அலுமினிய ஜன்னல்களுக்கு நீ அனுப்பிய கொட்டேஷன்களை எல்லாம் பார்த்தேன், சமையலறைக்கு எது சரி என்று கேட்டிருந்தாய். எல்லாவற்றிலும் நிறம் எழுதியிருக்கிறார்கள், கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள், மொத்தத் தொகை கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஜன்னல் எப்படித் திறக்கும் என்பது ஒன்றில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் "ஸ்லைடிங்" என்று ஒற்றை வார்த்தை. படுக்கையறைக்கு எழுதிய வரியையே சமையலறைக்கும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். உன் அப்பாவோடு பட்டறையில் நான் அளவும் கணக்கும் பார்த்த காலத்திலும் இதே கதைதான். வீட்டிலேயே அதிகமாக அழுக்காகிற ஜன்னல், ஈரக்கையோடும் எண்ணெய்க்கையோடும் தொடுகிற ஜன்னல் அது, ஆனால் அதைப் பற்றித்தான் யாரும் தனியாக யோசிப்பதில்லை.

முதலில் எட்டுமா என்று பார். மற்ற ஜன்னலுக்கு நேராகப் போய் நிற்கலாம். சமையலறையில் உனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மேடை இருக்கிறது, பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலம், அதன் உயரம் 85 அல்லது 90. மேடையில் வயிறு இடிக்க நின்று கையை நீட்டு, சிரமப்படாமல் விரல் எங்கே போய்ப் படுகிறதோ அங்கேதான் கைப்பிடி வர வேண்டும். மாப்பிள்ளையை வைத்து அளக்காதே, அவர் உயரத்துக்கு எல்லாம் எட்டும். அடுப்படியில் நிற்கிறவர்களில் யார் குள்ளமோ அவரை வைத்து அளக்க வேண்டும், அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் திறக்கும் விதம். உன் ஜன்னல் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வருகிறது, அதனால் உள்பக்கம் திறக்கிற கதவு வேண்டவே வேண்டாம், குழாயில் போய் இடிக்கும். குழாய் வளைந்து உயரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வெளிப்பக்கம் கதவு மாதிரித் திறப்பது காற்றுக்கு நல்லது, முழு அகலமும் திறக்கும், ஆனால் முழுக்கத் திறந்த கதவின் கைப்பிடி சுவரைத் தாண்டி வெளியே போய்விடும், மழை வந்ததும் தொட்டிக்கு மேலே தொங்கி அதை இழுக்க வேண்டியிருக்கும். வெளியே நடைபாதை இருந்தால் போகிறவர் தலையில் இடிக்கும் என்பதையும் நினைத்துக்கொள். ஸ்லைடிங்கில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, எட்டுவதும் சுலபம், ஆனால் இரண்டு கதவு வைத்த ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும். ஒரு மீட்டர் அகலம் என்று சந்தோஷப்படுவோம், காற்று வருவது அரை மீட்டரில்.

ஸ்லைடிங்கில் என் பெரிய குறை கதவு ஓடுகிற அந்தக் கீழ் டிராக்தான். சமைக்கும்போது எழும் எண்ணெய் ஆவி போய் அங்கே படியும், அதன் மேல் தூசி விழும், கொஞ்ச நாளில் இரண்டும் சேர்ந்து பசை மாதிரி ஆகிவிடும். ரோலர் உருளாமல் தேயும். தண்ணீர் வெளியேறுவதற்காக டிராக்கில் விட்டிருக்கும் சின்ன ஓட்டைகள் அடைபடும், மழைத்தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே மேடைக்கு வரும். ஸ்லைடிங்தான் என்று முடிவானால் கதவைத் தூக்கிக் கழற்ற முடியுமா என்று செய்துகாட்டச் சொல். "கழற்றலாம் மேடம்" என்று வாயால் சொன்னால் போதாது.

என்னைக் கேட்டால் உன் சுவருக்கு, மேலே கீல் வைத்து அடிப்பக்கம் வெளியே தள்ளித் திறக்கிற வகைதான் சரி. கைப்பிடி கீழே இருக்கும், எட்டும். மழையிலும் ஓரளவு திறந்து வைக்கலாம், சாய்ந்த கண்ணாடியே தண்ணீரைத் தள்ளிவிடும். டிராக் கிடையாது. மூடும்போது ரப்பரை அழுத்தி மூடுவதால் இடுக்கும் கிடையாது. உன் திறப்பு அகலமாக இருப்பதால் முழுவதையும் ஒரே கதவாகப் போடாமல் ஒரு பாதியை அசையாத கண்ணாடியாக விட்டுவிடு. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ, 5 மில்லிமீட்டர் போட்டால் பன்னிரண்டரை கிலோ, அதையே இரட்டைக் கண்ணாடியாகக் கேட்டால் 25. அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், சரி, ஆனால் கீல் சுமப்பது கண்ணாடியை. பக்கவாட்டில் வருகிற, திறந்த கதவைப் பிடித்து நிறுத்துகிற ஃபிரிக்‌ஷன் ஸ்டே எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டுவிடு, அது துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும்.

இந்த வகையில் ஒரே சிக்கல் கொசு வலை. கதவு வெளியே திறப்பதால் வலை உள்பக்கம் வந்துவிடும், கைப்பிடியைத் தொட வலையைத் தாண்ட வேண்டும். சுருட்டி விடுகிற வலையோ, பக்கவாட்டில் நகர்கிற வலையோ கேள். எதுவானாலும் கழற்றிக் கழுவ முடிய வேண்டும், ஏனென்றால் சமையலறை வலையின் கண்கள் எண்ணெயில் அடைபட்ட பிறகு ஜன்னல் திறந்திருந்தும் காற்று வராது. ஸ்டீல் வலை என்றால் வெந்நீரில் தேய்த்துக் கழுவலாம், அது தாங்கும்.

காற்று என்றதும் ஞாபகம் வருகிறது, எக்ஸாஸ்ட் ஃபேனை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வைப்பதாகப் படத்தில் வரைந்திருக்கிறாய். வேண்டாம். ஜன்னல் வழியாக வருகிற காற்றை ஃபேன் அப்படியே வெளியே இழுத்துவிடும், அடுப்புப் புகை அறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஃபேன் அடுப்புக்கு மேலே, காற்று வரும் வழி எதிர்ப்பக்கம், அப்படி இருந்தால்தான் நடுவில் இருக்கும் புகை போகும். அடுப்புக்கு நேர் பின்னால் திறக்கும் ஜன்னலும் கூடாது, காற்றில் தீ ஆடும், சில நேரம் அணைந்தும் போகும்.

கேஸ் எது என்றும் பார்க்க வேண்டும். சிலிண்டர் என்றால் அதில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும், ஒன்று காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனம், மற்றது இரண்டு மடங்கு. கசிந்தால் தரையில் தவழும், மேடைக்கு மேலே இருக்கிற ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. தரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம் வேண்டும், அதைக் கட்டும்போதே விட்டால்தான் உண்டு. குழாயில் வருகிற இயற்கை எரிவாயு என்றால் பெரும்பாலும் மீத்தேன், அது லேசானது, மேலே போகும்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன், மாப்பிள்ளை கறுப்புதான் வேண்டும் என்கிறாராமே. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வெயில் படுகிற சுவரில் கறுப்பு பிரேம் நன்றாகச் சூடேறும். இரண்டு மீட்டர் நீள அலுமினியம் 50 டிகிரி சூடேறினால் இரண்டு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக நீளும், கண்ணாடி அதில் பாதிகூட நீளாது. அதற்கு இடைவெளி விட்டுச் செய்யத் தெரிந்தவர் கையில் கறுப்பும் பிரச்சினையில்லை, இறுக்கிப் பொருத்திவிட்டுப் போகிறவர் கையில் கொடுத்தால் கதவு மதியம் ஒரு மாதிரியும் இரவு ஒரு மாதிரியும் மூடும். இன்னொன்று, தொட்டிக்கு மேலே தெறிக்கிற உப்புத்தண்ணீரின் வெள்ளைப் புள்ளிகள் கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். வரவேற்பறையில் கறுப்பு வைத்துக்கொள்ளட்டும், இங்கே சாம்பலோ வெள்ளையோ போடுங்கள்.

பூச்சு எது என்பது நிறத்தைவிட முக்கியம். அனோடைசிங் என்பது உலோகத்தின் மேற்பரப்பையே கெட்டிப்படுத்துவது, உரிந்து வராது, ஆனால் சோடா, பிளீச், அடைப்பு எடுக்கிற மருந்து இவற்றில் ஏதாவது பட்டால் கறை விழுந்துவிடும். பவுடர் கோட்டிங் என்பது பொடியாகத் தூவுகிற பெயிண்ட், 60 முதல் 80 மைக்ரான் கனத்தில் மேலே உட்காரும், சூளையில் 200 டிகிரியை ஒட்டிச் சுட்டு எடுப்பார்கள், சமையலறையில் தெறிக்கிறவற்றை அது கொஞ்சம் நன்றாகவே தாங்கும். பூசுவதற்கு முன்னால் உலோகத்தைச் சரியாகக் கழுவித் தயார் செய்யவில்லை என்றால் மூலைகளில் கொப்புளித்து உரியும், பார்வைக்குப் புதிதில் தெரியாது. அதனால் பூச்சுக்கு எழுத்தில் உத்தரவாதம் கேள். உலோகம் எது என்றும் எழுதச் சொல், ஜன்னலுக்கு வழக்கமாக 6063 என்ற கலவைதான், மெக்னீசியமும் சிலிக்கானும் கொஞ்சம் சேர்ந்தது. செக்‌ஷனின் (பிரேமுக்கான அலுமினியக் குழாயின்) சுவர் கனத்தையும் எழுதச் சொல். தொகை குறைகிற கொட்டேஷனில் பெரும்பாலும் இந்தக் கனம்தான் குறைந்திருக்கும்.

குளிர் மாதங்களில் உன் பழைய வீட்டு ஜன்னல் ஓரம் ஈரமாகி, சுவர் கறுத்ததே, அது ஒழுகல் இல்லை. அலுமினியம் வெப்பத்தைப் பிளாஸ்டிக்கைவிட பல நூறு மடங்கு அதிகமாகக் கடத்தும், வெளிக்குளிர் அப்படியே உள்பிரேமுக்கு வந்துவிடும். அறை 20 டிகிரியும் ஈரப்பதம் 50 சதவீதமும் இருந்தால் 9 டிகிரியை ஒட்டிய எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோர்க்கும், நீ அடுப்பில் ஏதாவது கொதிக்க வைத்தால் அதற்கு முன்பே கோர்த்துவிடும். இதற்குத்தான் தெர்மல் பிரேக் என்று உள்பிரேமுக்கும் வெளிப்பிரேமுக்கும் நடுவில் கண்ணாடியிழை கலந்த பாலிஅமைடு பட்டை வைக்கிறார்கள். உங்களுக்கு அது தேவை, அதோடு இரட்டைக் கண்ணாடியும். இரட்டைக் கண்ணாடி மட்டும் போட்டுவிட்டுப் பிரேமைச் சாதாரணமாக விட்டால் ஈரம் பிரேமில் வந்து நிற்கும். குளிரே இல்லாத இடத்தில் இருந்திருந்தால் இந்தச் செலவு வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கண்ணாடி டஃபன்டாகவே (சூடேற்றிப் பதப்படுத்தியது) இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடியில் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தாலே விரிசல் விடலாம், டஃபன்டு சுமார் 200 வரை தாங்கும், உடைந்தாலும் கத்தி மாதிரி நீளத் துண்டுகளாக விழாது. ஒன்று மட்டும், பதப்படுத்திய பிறகு அதில் ஓட்டை போட முடியாது, வெட்டவும் முடியாது, முயன்றால் முழுதும் நொறுங்கிவிடும். கண்ணாடியில் ஏதாவது பொருத்தும் எண்ணம் இருந்தால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல். மறைப்புக்காக அந்தச் சொரசொரப்பு வகை போடுவதாக இருந்தால் வழவழப்பான பக்கம் உள்ளே வரட்டும். சொரசொரப்பில் எண்ணெய் ஏறினால் என்ன தேய்த்தாலும் போகாது.

பொருத்துகிற அன்று நீ வீட்டில் இரு. பச்சை சிமென்ட் காரம், அலுமினியத்தில் பட்டுக் காய்ந்தால் அந்தத் தடம் போகாது, அதனால் சுவர்ப் பூச்சு வேலை முடியும் வரை பிரேமின் பாதுகாப்பு டேப்பை உரிக்க விடாதே, முடிந்ததும் உடனே உரித்துவிடு, வெயிலில் காய்ந்தால் அதன் பசை ஒட்டிக்கொள்ளும். ஓரங்களுக்கு நியூட்ரல் சிலிக்கோன் என்று எழுதிய டியூப்தான் வேண்டும், வினிகர் வாடை அடித்தால் அது வேறு ரகம், திருப்பிக் கொடு. ஸ்குரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ். ஜன்னலின் அடிக்கட்டை வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். மேடைக் கல்லும் பிரேமும் ஒட்டியபடி வந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும், நடுவில் ஒரு 10 சென்டிமீட்டராவது டைல்ஸ் ஏறட்டும். வந்த பிறகு துடைக்க மிதமான சோப்புத்தண்ணீர் போதும். கீல் கிறீச்சிட்டால் கிரீஸ் தடவாதே, அந்த ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, உப்பிவிடும், சிலிக்கோன் ஸ்பிரே அடி.

டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு அளவெடுத்து எனக்கு அனுப்பு. அகலம் மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில், உயரமும் அப்படியே, குறுக்குவாட்டில் மூலைக்கு மூலை இரண்டு அளவு, எல்லாம் மில்லிமீட்டரில். குழாயின் உயரத்தை விட்டுவிடாதே. அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம், அந்த ஒற்றை வார்த்தைக் கொட்டேஷன்காரருக்கு நிச்சயமாக வேண்டாம்.

அம்மா