நாங்களும் காசு கட்டத்தான் வேண்டும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. லைனும் விட்டு விட்டு வந்தது. "எங்கள் வீடு இரண்டாம் மாடியில். மொட்டைமாடி ஒழுகினால் ஆறாம் மாடிக்காரர்தானே காசு போடவேண்டும்?" என்றாய்.

மொட்டைமாடி ஆறாம் மாடிக்காரருடையது இல்லை, ராசா. நீ உறுதி எழுதி வாங்கியது நாலு சுவருக்கு உள்ளே இருப்பதை மட்டுமா? அத்திவாரம், தூண், கூரை, படிக்கட்டு, லிப்ட், தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றிலும் உனக்குப் பங்கு இருக்கிறது. இலங்கையின் 1973ஆம் ஆண்டு 11ஆம் இலக்கத் தொடர்மாடிச் சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. வீடு வாங்கியவர் எல்லோரும், கட்டிடத்தின் பொது இடங்களைப் பராமரிக்கிற முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தில் தாமாகவே உறுப்பினர். வீட்டின் பங்குக்கு ஏற்றபடி கட்டணம். ஆறாம் மாடியில் பெரிய வீடு, அவர் எங்களைவிடக் கூடத்தான் கட்டுகிறார்.

சரி, சட்டம் கிடக்கட்டும். தைப்பொங்கல் கழிந்த கிழமை, மொட்டைமாடிக்கு ஏறுகிற கடைசிப் படியில் தோசைக்கல் அளவு கொங்கிரீட் துண்டு ஒன்று மேலிருந்து விழுந்தது. லீவுக்கு வந்தால் உன் பிள்ளைகள் கடல் பார்க்க ஓடி ஏறுகிற அதே படி. டோர்ச் அடித்துப் பார்த்தேன். கம்பி அடுக்கடுக்காக உரிந்து நின்றது. நகத்தால் சுரண்டினேன், பொடியாகக் கொட்டியது.

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரம் என்று பெருமையாகத்தான் வாங்கினோம். அந்த உப்புக்காற்றும் மேலே தேங்குகிற மழைத்தண்ணீரும் வெடிப்பு வழியே இறங்கினால் கம்பி கறள் பிடிக்கும். கறள் பிடித்த கம்பி ஊதும். ஊதினால் இடம் போதாமல் கொங்கிரீட்டை வெளியே தள்ளும். மேசன் பாஸ் சுத்தியலால் தட்டித் தட்டிக் காட்டினார்: நல்ல இடம் 'டங்' என்றது, கெட்ட இடம் வெறும் பெட்டி மாதிரி 'டொப்' என்றது. அந்தக் கூரையைத் தாங்குகிற தூண் ஒன்று உன் அறை மூலையால்தான் கீழே இறங்குகிறது.

பிழை எங்களிலும் உண்டு. நாலு வருடத்துக்கு முன் ஒரு கொந்தராத்துக்காரர் வெடிப்பின் மேல் சிமெந்து பூசிப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். விலை குறைவு என்று கமிட்டியில் நானும் தலையாட்டினேன். இப்போது உடைத்து, கறள் சுரண்டி, கெட்ட கம்பியை மாற்றி, பிறகு நீர் ஒழுகாத பூச்சுப் போடவேண்டும்.

சேமிப்பு எங்கே என்று கேட்பாய். மாதக் காசு காவலாளி சம்பளம், லிப்ட் சர்வீஸ், பொது விளக்கு என்று அந்த மாதமே போய்விடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, இருந்த கொஞ்சமும் ஜெனரேட்டர் டீசலாகப் புகைந்துவிட்டது. ஐந்து வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் எல்லாம் லண்டனிலும் கனடாவிலும். காசு கேட்டால் "நாங்கள் லிப்டில் ஏறுவதே இல்லையே" என்கிறார்கள். உன்னைப்போலத்தான், கோபிக்காதே.

மேல்மாடி அக்கா மழை பெய்தால் ஹோலில் மூன்று வாளி வைக்கிறார். இரவு முழுக்கச் சொட்டுச் சத்தமாம்.

மூன்று கொட்டேஷன் எடுத்திருக்கிறோம். மிகக் குறைந்ததை எடுக்கக்கூடாது என்று இந்த முறை நான் பேசப்போகிறேன். ஆனால் வீடு உன் பெயரில், நான் பேசலாமே தவிர வாக்குப் போட முடியாது. கூட்டம் சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு. எனக்குப் பதிலாள் அதிகாரம் தந்து ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பு. மூலப்பிரதி வேண்டும், வட்ஸ்அப் படம் போதாது என்று செயலாளர் சொல்லிவிட்டார். உன் சிநேகிதன் அடுத்த கிழமை வருகிறானாம், அவனிடம் கொடுத்துவிடு. திரும்பிப் போகும்போது அம்மா அவனிடம் மிளகாய்த்தூள் தந்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா