பாட்டு வெளிவருமுன் பங்கை எழுதி வைத்துக்கொள்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பாட்டை அப்பாவும் நானும் பலமுறை கேட்டோம். உறுமிச் சத்தத்தோடு நம் டர்பனில் பிறந்த கோம் என்ற நடன இசையின் தாளம் வந்து சேரும் இடம் மிக நன்றாக அமைந்திருக்கிறது. கேப்டவுனில் இருந்து நீ மெட்டமைத்துப் பாட, சொவேட்டோத் தம்பி தாளம் கட்ட, சென்னைத் தோழி வரிகள் எழுத, ரீயூனியனில் இருப்பவர் மிக்சிங் செய்ய, ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பாராமலேயே நீங்கள் நால்வரும் இதைச் செய்து முடித்திருப்பதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு. ஆனால் "பங்கைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று நீ எழுதியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்தே காலம் கழித்தவள் நான். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தாம் எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

ஒரு பாட்டில் சட்டம் இரண்டு தனிச் சொத்துகளைக் காண்கிறது. மெட்டும் வரிகளும் ஒன்று. அவற்றைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. வரிகள் சென்னைத் தோழியுடையவை, மெட்டு உன்னுடையது என்பதில் சிக்கல் இல்லை. தாளம் கட்டிய தம்பிக்கு மெட்டில் பங்கு உண்டா என்பதைத்தான் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டும். உண்டு என்பதே என் கருத்து, ஏனெனில் அவன் போட்ட அடிநாதத்தின் மீதுதான் உன் பல்லவியே எழும்பி நிற்கிறது. மிக்சிங் செய்தவருக்கு ஒரு தொகையும் அவர் பெயரும் போதுமானவை. ஆனாலும் அதை அவரிடமே கேட்டு எழுதிக்கொள். ஒரே தாளில் நால்வரின் பெயர், அவரவர் செய்தது, மெட்டிலும் வரியிலும் எத்தனை சதவீதம், ஒலிப்பதிவில் எத்தனை சதவீதம் என்று எழுதி, கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் முன்னோர் சொன்னது நண்பர்களுக்கும் பொருந்தும்.

ஸ்டூடியோச் செலவைத் தாமே ஏற்பதாகச் சித்தப்பா சொன்னாராம். அவர் மனம் பெரியது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நம் தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து ஒலிப்பதிவைச் செய்யச் சொன்னால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தப் பதிவின் உரிமையாளர் அவரே. ஆகவே அவர் தருவது பரிசா, கடனா, முதலீடா என்பதை ஒரு வரியில் அவரிடம் எழுதி வாங்கு. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் நான் பேசிக்கொள்கிறேன். அதே சட்டத்தின்படி, கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் எவரும் உன் பதிப்புரிமையைத் தமக்கு மாற்றிக்கொள்ள முடியாது. எனவே, பாட்டை இணையத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனமோ வேறு எவரோ நீட்டும் படிவத்தில் முழு உரிமையையும் ஒப்படைப்பதாக ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடு.

சாலமன் லிண்டாவின் கதையை நீ அறிவாய். நம் மாகாணத்தில் பிறந்த அவர் 1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவு செய்த 'ம்புபே' என்ற பாட்டு, பின்னர் வேறு பெயர்களில் உலகெங்கும் ஒலித்து, 1994-இல் வந்த புகழ்பெற்ற திரைப்படம்வரை சென்றது. அவரோ உரிமையை 10 ஷில்லிங்குக்குக் கொடுத்துவிட்டு 1962-இல் வறுமையில் இறந்தார். ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தால் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற 1911-ஆம் ஆண்டின் பழைய பிரிட்டிஷ் சட்டப் பிரிவைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தார் 2004-இல் வழக்குத் தொடுத்து, 2006-இல் சமரசம் கண்டார்கள். உன் தலைமுறைக்கு அந்தப் பழைய பிரிவின் துணை கிடையாது. சென்னைத் தோழிக்காவது, ராயல்டியில் தனக்குரிய பங்கைத் தானே விட்டுக்கொடுக்க முடியாதபடி 2012-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்திருத்தம் காவல் இருக்கிறது. இங்கே உன் கையெழுத்துதான் உனக்குக் காவல்.

இனி உறுமி. கோயிலில் காவடித் திருநாளன்று உன் கைபேசியில் நீ பதிவு செய்த வாசிப்பைத்தான் வெட்டி ஒட்டியிருக்கிறாய் என்று கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய காவடிச் சிந்து மெட்டு எவருடைய தனிச் சொத்தும் அன்று. அந்த வாசிப்போ அந்தக் கலைஞர்களின் உழைப்பு. 1967-ஆம் ஆண்டின் கலைஞர் பாதுகாப்புச் சட்டம் அவர்கள் இசைவைக் கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் நான் கேட்பேன். வெயிலில் வெறுங்காலோடு தேர்ப் பின்னால் வாசித்து வருபவர்களுக்கு எப்போதும் கூலி குறைவு, பெயர் அதைவிடக் குறைவு. வாசித்தவர்கள் யார் என்று கோயிலில் கேட்டு, நேரில் போய்ப் பாட்டைப் போட்டுக் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்கி, நியாயமான தொகை கொடுத்து, பாடகியாகிய உன் பெயரோடு அவர்கள் பெயரையும் போடு. இதில் மட்டும் உனக்கு விதிவிலக்குத் தர என் மனம் ஒப்பாது.

உரிமைத் தொகை வசூலிக்கும் அமைப்புகளில் பாட்டைப் பதிந்துகொள்வதைத் தள்ளிப் போடாதே. லோட்டஸ் எஃப்.எம். வானொலியில் பாட்டு ஒலித்தால், மெட்டுக்கும் வரிக்கும் உரிய பணத்தைச் சாம்ரோ என்ற அமைப்பு வசூலிக்கும். பாடியவர்களுக்கும் ஒலிப்பதிவு உரிமையாளருக்கும் உரியதைச் சாம்ப்ரா என்ற அமைப்பு வசூலிக்கும். பாட்டைப் படியெடுக்கும் உரிமைக்கான தொகையை வசூலிக்கக் கபாசோ என்ற அமைப்பு இருக்கிறது. சென்னைத் தோழி இந்தியாவில் அதே வேலையைச் செய்யும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பதியும் சதவீதமும் நீ இங்கே பதிவதும் ஒன்றாக இருக்க வேண்டும். கூட்டினால் 100-ஐத் தாண்டும் கணக்கு தகராறாக மாறிப் பணம் நின்றுபோகும். ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை வெளியீட்டுக்கு முன்பே வாங்கிக் குறித்துவை.

விற்பனையைப் பொறுத்தவரை, கலைஞர்கள் தம் பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் என்ற இணையத் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தைத் தன் பங்காக எடுத்துக்கொள்கிறது. பணம் செலுத்தும் முறைக்கான கட்டணம் தனி. கேட்பவர்கள் விலை கொடுத்து வாங்கும் அந்த வழியிலிருந்து தொடங்குவதே நல்லது என நினைக்கிறேன், ஏனெனில் ஸ்பாட்டிஃபையில் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ஒலிப்பதிவுக்கான தொகை கிடைப்பதில்லை. எந்த வழியானாலும் பணம் ஒருவர் கணக்கில்தான் வந்து விழும். அது உன் கணக்காக இருக்குமானால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவையும் பிடித்தத்தையும் மற்ற மூவருக்கும் காட்டுவது உன் பொறுப்பு. சில ராண்டுகளே வந்திருந்தாலும் காட்டு.

தாளை எழுதியதும் கையெழுத்துக்கு முன் எனக்கு ஒரு படி அனுப்பு. உறுமிக் கலைஞர்களைப் பார்க்க நீ வரும் வாரத்தைச் சொன்னால், அப்பா கோயில் நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே பேசி வைப்பார்.

அன்புடன்,
அம்மா