ஊட்டுவதும் திணிப்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அங்கன்வாடியில் மாதந்தோறும் குழந்தையை எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, சத்துமாவையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். என்ன கொடுப்பது, எத்தனை வேளை கொடுப்பது என்பதையும் சொல்கிறார்கள். எப்படி ஊட்டுவது என்பதுதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

என் பேத்திக்கு ஒன்பது மாதமானபோது வளர்ச்சி அட்டையில் அவளுடைய புள்ளி பச்சையிலிருந்து, எடைக் குறைவைக் காட்டும் மஞ்சளுக்கு இறங்கியது. "பிள்ளைக்கு நல்லா சோறு ஊட்டுங்க" என்ற ஒரு வார்த்தையோடு என் மருமகளை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் முதல் நானே காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மல்லாத்திக் கிடத்தி, கைகளை இடுக்கிக்கொண்டு, கூழைச் சங்கால் புகட்டினேன். என் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன். ஒரு வாரத்துக்குள் சங்கைக் கண்டாலே அவள் உதட்டை இறுக்கிக்கொள்ளத் தொடங்கினாள். ஒரு நாள் புரையேறி முகம் கறுத்துப்போனதைப் பார்த்த பிறகே நிறுத்தினேன். அழுகிற குழந்தையைப் படுக்க வைத்துப் புகட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடக்கூடும் என்பதைப் பின்னர் ஒரு மருத்துவர்தான் எனக்கு விளக்கினார்.

பசித்தால் குழந்தை கையை வாயில் வைக்கும், கரண்டியைப் பார்த்து முன்னே சாயும். போதுமென்றால் முகத்தைத் திருப்பும், வாயை மூடும், கரண்டியைத் தட்டிவிடும். குழந்தையோடு பேசி, கண்ணைப் பார்த்து, பொறுமையாக ஊட்ட வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது என்று, தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் இணை உணவு குறித்த 2003ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்காக 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், குழந்தையின் குறிப்பறிந்து ஊட்டுவதை அது பரிந்துரைக்கிறது.

குழந்தையை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்பது இதற்குப் பொருளன்று. தட்டை முன்னால் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவதும், கைப்பேசியில் பாட்டைப் போட்டு, அது வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கையில் பத்துக் கவளத்தை உள்ளே தள்ளுவதும் என் பார்வையில் ஒரே தவறுதான். இரண்டிலும் குழந்தையின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எடை குறைந்த பிள்ளைக்கும் காய்ச்சலிலிருந்து தேறும் பிள்ளைக்கும் கூடுதலாகவே உணவு வேண்டும். அதைக் கெட்டியாகப் பிசைந்து, கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ சேர்த்து, சிறிது சிறிதாகப் பல வேளை, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட வேண்டும்.

இப்போது பேத்தியை நிமிர்த்தி உட்கார வைத்து, அவள் கையிலும் ஒரு கரண்டியைக் கொடுத்துவிடுகிறேன். பாதிச் சோறு தரைக்குப் போகிறது, அரைமணி நேரம் ஆகிறது. ஆனால் தட்டைக் கண்டதும் தவழ்ந்து வருகிறாள். மூன்றாம் மாதம் புள்ளியும் மேலேறியது.

எடை போடும் நாளன்று, எடை குறைந்த குழந்தைக்கு மையத்திலேயே ஒரு வேளை ஊட்டச் சொல்லி, பணியாளர் கால்மணி நேரம் அருகிலிருந்து பார்த்துத் திருத்த வேண்டும். தாய் வேலைக்குப் போகும் வீடுகளில் ஊட்டுவது எங்களைப் போன்றவர்களே என்பதால், பாட்டிகளையும் அழைக்க வேண்டும். சமையலுக்கும் பதிவேட்டுக்கும் நடுவே பணியாளர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆகவே, இந்தக் கால்மணி நேரத்தையும் அவர்களது பணிக்கணக்கில் சேர்த்துச் சமூக நலத்துறை ஆணையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவாரூர் மாவட்டம்.